உயர்த்திய சிறிய டிரக்கில் மட் டயர்: உரசல், ஆட்டம், காற்றுக் கசிவு – அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

வண்டியைத் தூக்கியாயிற்று, பெரிய பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டி) போட்ட மட் டயரும் மாட்டியாயிற்று. தெருமுனையில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் உள்ளே எங்கோ 'கரகர'. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கிரைண்டரைக் கையில் எடுக்கிறார்கள். மீதிப் பேர் இன்னும் இரண்டு அங்குலம் தூக்கலாமா என்று யோசிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் வேலை.

சஸ்பென்ஷனைத் தூக்கினால் கூடுவது வண்டி நிற்கும் உயரம் மட்டும்தான். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் எதுவரை மேலே ஏறும் என்பது பம்ப் ஸ்டாப்பின் (சஸ்பென்ஷன் அமுங்கும்போது போய் முட்டி நிற்கும் ரப்பர் தடுப்பு) கையில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டயர் எவ்வளவு தூரம் வீசும் என்பது டயரின் அகலத்தையும் ரிம்மின் ஆஃப்செட்டையும் (ரிம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது; பிளஸ் என்றால் முகம் வெளிப்பக்கம்) பொறுத்தது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பம்ப் ஸ்டாப்பை அப்படியே விட்டிருந்தால், முழுதாக அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே ஏறி வரும். இப்போது அது பெரிய டயர், அவ்வளவுதான் வித்தியாசம். பாடி லிஃப்ட் வேறு கதை. அதில் கேபினும் மட்கார்டும் சேசிஸிலிருந்து மேலே போவதால் நிஜமாகவே இடம் கூடும்.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே வண்டியை வைத்துக்கொள்வோம். கம்பெனி டயர் 225/75 ஆர் 15; விட்டம் சுமார் 718 மி.மீ. கம்பெனி ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் பிளஸ் 30. புதிதாகப் போடுவது 31×10.5 ஆர் 15. விட்டம் 787, அகலம் 267 மி.மீ. உங்கள் எண்கள் வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

வெட்டுவதற்கு முன்: எங்கே படுகிறது?

நான்கு டயரையும் ரிம்மில் ஏற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் ஏற்றி முன்பக்கம் மாட்டிப் பாருங்கள். பட்டன் தேயாத, மண் படாத டயரைத் திருப்பிக் கொடுக்க முடியும். நான்கையும் ஓட்டிப் பார்த்துவிட்டால் முடியாது.

டயரின் தோள்பட்டையிலும் பக்கச் சுவரிலும் ஈரமான சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வண்டி தன் எடையில் நிற்க, இன்ஜின் ஓட, இடமும் வலமும் கடைசிவரை ஒடியுங்கள். பிறகு முழுதாக ஒடித்த நிலையிலேயே பத்தடி முன்னால், பத்தடி பின்னால் மெதுவாக ஓட்டுங்கள். ரிவர்ஸில் ஓட்டுவதைத் தவிர்க்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் போகும்போதும் புஷ்கள் அமுங்கி சக்கரம் சில மி.மீ. முன்பின் நகரும், முன்னால் போகும்போது படாத டயர் அப்போது படும்.

அடுத்து ஒரு முன் சக்கரத்தை மட்டும் உறுதியான திட்டின் மேல் ஏற்றி, அந்தப் பக்க சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையில் மறுபடியும் ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும் இடம்தான் உங்கள் வேலை நடக்க வேண்டிய இடம். பிளாஸ்டிக் லைனரா, தகரமா, சேசிஸா, கன்ட்ரோல் ஆர்மா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவை நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

இதோடு ஜாக்கியில் தூக்கி சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஒடித்த நிலையில் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பாருங்கள். லிஃப்ட் போட்ட வண்டியில் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கலாம். ஹோஸ் கயிறுபோல விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது. டயரின் உள்பக்கப் பட்டன் ஹோஸை வருடிக்கொண்டு போனாலும் அதேதான். உரசலில் லைனர் கிழிந்தால் அசிங்கம், ஹோஸ் கிழிந்தால் பிரேக்கே இல்லை.

முழுதாக ஒடித்தால் மட்டும் உரசுகிறது

பொடி உள்பக்கம், சேசிஸிலோ ஸ்டெபிலைசர் பாரிலோ கன்ட்ரோல் ஆர்மிலோ ஒட்டியிருந்தால், டயர் உள்ளே அதிகமாக நிற்கிறது என்று பொருள். கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் உள் விளிம்பு, ஹப் முகத்திலிருந்து 225-இல் பாதி 112.5, கூட ஆஃப்செட் 30, ஆக 142.5 மி.மீ. உள்ளே இருந்தது. அதே பிளஸ் 30 ஆஃப்செட்டில் 10.5 அங்குல டயரைப் போட்டால் 133.5 கூட்டல் 30, அதாவது 163.5. உள்ளே 21 மி.மீ. இடம் போயிற்று. எத்தனை அங்குலம் தூக்கினாலும் இந்த 21 திரும்பி வராது.

ஆஃப்செட் பூஜ்யம் உள்ள ரிம்முக்கு மாறினால் உள் விளிம்பு 133.5-இல் நிற்கும், கம்பெனி டயரைவிட 9 மி.மீ. இடம் மிச்சம். ஆனால் வெளி விளிம்பு 82.5-இலிருந்து 133.5-க்குப் போய்விடும், 51 மி.மீ. வெளியே. உள்ளே தீர்ந்த பிரச்சினை இப்போது வெளியே முளைக்கும்: டயர் வெளியே தள்ளி நிற்க நிற்க, ஒடிக்கும்போது அது வீசும் வட்டம் பெரிதாகி, முன்னால் பம்பர் மூலையிலும் பின்னால் மட்கார்டின் அடியிலும் போய் இடிக்கும். அதனால்தான் ஆஃப்செட்டைத் தேவைக்கு மேல் குறைக்க வேண்டாம் என்பது. இந்த உதாரண வண்டிக்கு பிளஸ் 10 அல்லது பூஜ்யம் சரி. மைனஸ் 25 பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

உரசல் 5 மி.மீ.க்குள் இருந்து, உள்பக்கம் மட்டும் என்றால், ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைப் பாருங்கள். பல டிரக்குகளில் நக்கிளில் (சக்கரத்தோடு திரும்பும் இரும்பு மூட்டு) லாக் நட்டோடு ஒரு போல்ட் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை அரைச் சுற்று வெளியே எடுத்து, மறுபடி இறுக்கி, ஒடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ரேக் அண்ட் பினியன் வண்டியில் இந்தப் போல்ட் இருக்காது. ரேக்கின் முனையில், உள் டை ராடுக்குப் பின்னால் வாஷர் போன்ற தடுப்பைப் போடுவார்கள். இரண்டிலும் விலை ஒன்றுதான்: வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும். குறுகலான காட்டுப் பாதையில் ஒரே வீச்சில் திரும்பிய இடத்தில் இனி முன்பின் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

பொடி சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கு முன் உள்ள மூலையில் ஒட்டியிருந்தால், முதலில் வீல் அலைன்மென்ட். கேம் போல்ட் (சுற்றினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) உள்ள கீழ் ஆர்மில் காஸ்டரை (ஸ்டீயரிங் அச்சின் மேல்நுனி பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டும்போது கீழ் பால் ஜாயின்ட் முன்னால் நகரும், கூடவே சக்கரமும் சில மி.மீ. முன்னால் போகும். பல நேரம் இதுவே போதும். வண்டியும் நேராக ஓடும். அலைன்மென்ட் போடுபவரிடம் 'காஸ்டரை அனுமதித்த அளவின் மேல் எல்லைக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக' என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

அதற்கும் மிஞ்சியது பிளாஸ்டிக் லைனர் என்றால் ஹீட் கன்னால் சுடவைத்து, மரக்கட்டையால் உள்ளே தள்ளி, ஆறும்வரை அப்படியே அழுத்திப் பிடியுங்கள். கன்னை ஒரே இடத்தில் காட்டினால் பிளாஸ்டிக் பளபளத்து ஓட்டை விழும். அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லைனருக்குப் பின்னால் இரண்டு தகரங்கள் சேரும் விளிம்பு கத்திபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்ட வேண்டாம். விளிம்பில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டு மட்டும் போட்டு, சுத்தியலால் தட்டித் தட்டிப் பின்னால் மடித்துவிடுங்கள். தட்டுவதற்கு முன் மறுபக்கம் வயரிங் கட்டோ வாஷர் டேங்கோ இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மடித்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். துரு பிடிக்கும் ரசாயனப் பாடம் இங்கேதான் ஆரம்பம். பிரைமர், சீம் சீலர், பெயின்ட் மூன்றும் அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

கேபினைத் தாங்கும் பாடி மவுண்டிலேயே டயர் இடித்தால் அது வெட்டி வெல்டிங் செய்யும் வேலை. வெட்டிய வாயை மூட சேசிஸ் தடிமனுக்கு இணையான தகடு போட வேண்டும். நல்ல வெல்டர் இல்லாவிட்டால் ஒரு சைஸ் சின்ன டயருக்கு மாறுவது புத்திசாலித்தனம்: 235/75 ஆர் 15-இன் விட்டம் 733 மி.மீ.தான், அகலமும் 32 மி.மீ. குறைவு.

நேராகப் போகும்போது, பள்ளத்தில் விழுந்தால் மட்டும்

இது பம்ப் ஸ்டாப் வேலை. ஏற்கெனவே சொன்ன திட்டுச் சோதனையில், சஸ்பென்ஷன் அமுங்கி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி ஒரு விரல் அளவுக்கு வரும் நிலையில் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய் முட்டும் தட்டுக்கும் இடையே மிச்சமிருக்கும் தூரத்தை அளக்கவும். அந்த அளவுக்குத் தடுப்புக்கட்டை போட்டால் சக்கரம் அதற்கு மேல் ஏறாது. உதாரணமாக 25 மி.மீ. மிச்சமிருந்தால் 25 மி.மீ. கட்டை. ரப்பர் அமுங்கும் என்பதால் இன்னும் 5 மி.மீ. சேர்ப்பது நல்லது.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது டயர் நேராக மேலே போகாது, சாய்ந்து உள்ளேயோ வெளியேயோ போகும். இரண்டு சக்கரமும் ஒன்றாக அமுங்கினால் படாத டயர், குறுக்கே ஏறும்போது பின் சரக்குப் பெட்டியின் விளிம்பில் படும். பின்பக்கச் சோதனையை எப்போதும் ஒற்றைச் சக்கரத்தை ஏற்றித்தான் செய்ய வேண்டும்.

டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கம் உயர்த்திய வண்டிகளில் இன்னொரு சிக்கல். உயரம் கூடியது நிஜம். ஆனால் கீழே தொங்குவதற்கான இடம் அதே அளவு குறைந்துவிட்டது. ஒவ்வொரு மேட்டிலும் மேல் ஆர்ம் தடுப்பில் 'டொக்' என்று முட்டும். இதை டயர் உரசல் என்று நினைத்துத் தேடாதீர்கள். முறுக்கியதில் பாதியைத் திரும்ப இறக்கினால் சத்தம் நிற்கும், சிவி ஜாயின்டின் கோணமும் குறையும்.

வேகத்தில் அதிர்வு

முதல் கேள்வி: இது மெதுவான ஆட்டமா, ரீங்காரமா? 787 மி.மீ. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.47 மீட்டர். மணிக்கு 80 கி.மீ.யில் அது நொடிக்கு 9 தடவை சுற்றும். ஆக்ஸில் விகிதம் 4.10 என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) அதே நேரத்தில் 37 தடவை சுற்றும். எண்ணிவிடலாம்போல இருக்கும் 'தடதட' டயர், ரிம், ஹப் வகையறா. பாதத்திலும் சீட்டிலும் 'ர்ர்ர்' என்று உணரும் அதிர்வு ஷாஃப்ட். லிஃப்ட் போட்டால் ஷாஃப்டின் கோணம் செங்குத்தாகிறது. இரண்டு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லையென்றால் எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் அந்த ரீங்காரம் போகாது. ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரி செய்ய வேண்டும். டயரில் குற்றம் இல்லாத வண்டிக்குப் புது டயர் வாங்கிப் போட்டவர்கள் நிறைய உண்டு.

டயர்தான் என்று முடிவானால், பேலன்சிங் கடைக்குப் போவதற்கு முன் ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். காய்ந்த சேற்று உருண்டை ஒன்று போதும், ஸ்டீயரிங் ஆட. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் மற்றதைப் பேசலாம். நைலான் பயாஸ் டயர் என்றால் முதல் சில கிலோமீட்டருக்குக் கணக்கே இல்லை. நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும், சூடானால் சரியாகும்.

அடுத்து பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் உள் விளிம்பு) உட்கார்ந்திருக்கும் விதம். பக்கச் சுவரில், ரிம் விளிம்பை ஒட்டி, டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் அந்த இடத்தில் பீட் உட்காரவில்லை. காற்றை முழுதும் இறக்கி, பீட்டை உடைத்து, டயர் சோப்பு தடவி மறுபடி ஏற்றுவதுதான் வழி.

பிறகு ஓட்டம் பார்ப்பது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஒரு கம்பியைப் பட்டனுக்கு மிக அருகே நிலையாக நிறுத்தி, சக்கரத்தை மெல்ல உருட்டுங்கள். கம்பிக்கும் பட்டனுக்கும் இடைவெளி கூடிக் குறைவது 1.5 மி.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. 3 மி.மீ. என்றால் ஈயக்கட்டி எதுவும் செய்யாது. டயர் வட்டமாக இல்லை அல்லது ரிம் நெளிந்திருக்கிறது. எது என்று அறிய, அதே கம்பியை ரிம் விளிம்பில் வைத்துப் பாருங்கள். ரிம் நேராக இருந்தால் டயரை ரிம்மின் மேல் பாதிச் சுற்று திருப்பி மாட்டச் சொல்லுங்கள். டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேரே வர வேண்டும். பேலன்சிங் மெஷின் 200 கிராமுக்கு மேல் கட்டி கேட்டாலும் இதே வைத்தியம்தான். கட்டிக்கு மேல் கட்டி ஒட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக ஹப். வெளியே வாங்கிய ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும். சக்கரத்தை நடுவில் பிடிப்பது நட்டின் கூம்பு மட்டுமே. வண்டி தரையில் நிற்க நட்டுகளை இறுக்கினால் எடையில் ரிம் கீழே தொங்கி, அந்த இடத்திலேயே இறுகிவிடும். சக்கரம் காற்றில் இருக்கும்போதே எல்லா நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கூம்பு உட்கார்ந்தபின் கீழே இறக்கி டார்க் ரெஞ்ச் போடுங்கள். எத்தனையோ 'பேலன்சிங் சரியில்லை' புகார்கள் இதில் முடிந்துவிடும்.

ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் வெறிபிடித்தாற்போல் ஆடுகிறது

இது மேலே சொன்ன அதிர்வு இல்லை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டியான ஆக்ஸில் உள்ள வண்டிகளில், மணிக்கு 60–80 கி.மீ.யில், ஒரு சின்ன மேடு பட்டதும் முன் சக்கரங்கள் இரண்டும் இடவலமாக அடித்துக்கொள்ளும். வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை அடங்காது. ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்கள். அதன்பின் காரணம் கண்டுபிடிக்கும்வரை அந்த வண்டி வேகமாக ஓடக் கூடாது.

ஸ்டீயரிங் டாம்பரை (ஆட்டத்தை அமுக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) மாற்றினால் ஆட்டம் ஒரு மாதம் மறையும். நோய் உள்ளேயே இருக்கும். டாம்பரைக் கழற்றி வைத்துவிட்டுத் தேடுவதே நல்லது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை மணி முள் 11-க்கும் 1-க்கும் இடையே வெடுக் வெடுக்கென்று ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள்: டிராக் பாரின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடிக்கும் கம்பி) இரண்டு முனை, டை ராடு எண்டுகள், டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடம். ஒரு பாகம் நகர்ந்து, அடுத்த பாகம் சற்றுத் தாமதித்து நகர்ந்தால் விரலில் 'டக்' என்று தெரியும். முதல் சந்தேகம் டிராக் பார் போல்ட்டின் மேல்தான். போல்ட் இறுக்கமாக இருந்தும் அதன் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

மூட்டெல்லாம் நன்றாக இருந்தால் காஸ்டர். லிஃப்ட் போடும்போது ஆக்ஸிலின் முன்பக்க ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஆக்ஸில் முன்னால் உருண்டு, காஸ்டர் குறைகிறது. காஸ்டர் புஷ் அல்லது நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் போட்டுத் திரும்பப் பெறலாம். பெரிய டயரின் எடை இந்த நோயை உண்டாக்குவதில்லை, வெளியே கொண்டுவருகிறது. பழைய டயரில் இதே தேய்ந்த புஷ் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் இழுக்கிறது. நேராக நிற்காமல் அலைகிறது

இழுத்தால், காற்றை நான்கிலும் சமமாக்கி, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர். மாறாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு அலைன்மென்ட். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை இப்படி மாற்றினால் பட்டன் தலைகீழாக ஓடும். சோதனைக்கு மட்டும், குறைந்த வேகத்தில்.

அலைந்தால் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பாருங்கள், வீட்டிலேயே அளக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி, டயரின் நடுவே சுற்றிலும் வெள்ளைப் பெயின்ட் பூசி, ஆணியை நிலையாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் முடிபோல ஒரு கோடு விழும். இரண்டு சக்கரத்திலும் போட்டு, வண்டியை இறக்கி, இரண்டு மீட்டர் முன்னால் உருட்டி நிறுத்துங்கள். ஹப் உயரத்தில் கோட்டுக்குக் கோடு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்னளவு 2 மி.மீ. குறைவாக இருந்தால் டோ-இன் 2 மி.மீ. ஒரு எச்சரிக்கை: கையேட்டில் மி.மீ.யில் கொடுத்திருப்பது சின்ன டயருக்கு. டிகிரியில் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள், 787 மி.மீ. டயரில் மொத்த டோ 0.1 டிகிரி என்பது 1.4 மி.மீ.

டோ சரியாக இருந்தும் அலைந்தால் காற்று குறைவு, அல்லது உயரமான பட்டன்களே ரப்பர்போல நெளிகின்றன. முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இது ஓரளவு அடங்கும், முழுதும் போகாது. மட் டயரின் குணம் அது.

காற்று எவ்வளவு? ஏன் இறங்குகிறது?

கதவுச் சட்டத்தில் ஒட்டிய எண் பழைய டயருக்கானது. பக்கச் சுவரில் உள்ள எண் அதிகபட்சம்: சி ரேஞ்ச் (சுமை தாங்கும் வகை) 31×10.5 டயரில் 109 என்ற குறியீட்டின்படி 1030 கிலோ, 50 பிஎஸ்ஐயில். காலி வண்டிக்கு அவ்வளவு அடித்தால் நடுப் பட்டன் மட்டும் தேயும், பிரேக்கில் வழுக்கும். 32 பிஎஸ்ஐயில் தொடங்கி, பட்டன்களின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, சமமான ரோட்டில் நூறு மீட்டர் நேராக ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் இரண்டு பிஎஸ்ஐ இறக்குங்கள். ஓரங்களில் மட்டும் அழிந்தால் ஏற்றுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் எண் வேறாக வரும், சுமை ஏற்றும் நாளில் பின்பக்கம் இன்னும் கூடும். சேற்றிலும் மணலிலும் 15–18 போதும். சாதாரண ரிம்மில் அதற்குக் கீழே போய் சடாரென்று ஒடித்தால் பீட் கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் அடித்துவிட்டுத்தான் வேகம்.

காற்று இறங்கினால் சோப்புத் தண்ணீரை வால்வு, ரிம் விளிம்பு இரண்டிலும் ஊற்றிப் பாருங்கள். பழைய இரும்பு ரிம்மில் பீட் உட்காரும் தடத்தில் துரு செதில் செதிலாக இருக்கும். வயர் பிரஷ் போட்டுச் சுரண்டிப் பெயின்ட் அடிக்காமல் பீட் சீலரை அப்பினால் மூன்று மாதத்தில் மறுபடி வரும். ரிம் அகலத்தையும் பாருங்கள்: 10.5 அங்குல டயருக்கு 7 முதல் 9 அங்குல ரிம். கம்பெனியின் 6 அங்குல ரிம்மில் ஏற்ற முடியும், ஆனால் பக்கச் சுவர் பலூன்போலப் பிதுங்கும், பீட் உறுதியாக நிற்காது.

பீட் 'டப்' என்று உட்காரவில்லை என்றால் 40 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்காதீர்கள். இறக்கி, சோப்பு தடவி, மறுபடி. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் ஏற்ற முயன்று பீட் வெடித்துக் கையும் முகமும் போனவர்கள் உண்டு. அடையாளம் தெரியாத பழைய ரிம்மில் பதித்த எண்ணைப் படிக்காமல் காற்றுக் குழாயைத் தொடாதீர்கள். தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயைக் கொளுத்தி பீட்டை ஏற்றும் வித்தை வீடியோவோடு நிற்கட்டும்.

நட்டு தளர்கிறது

கம்பெனி நட்டின் அடி உருண்டையாகவோ தட்டையான வாஷரோடோ இருக்கலாம். புது ரிம் 60 டிகிரி கூம்பு கேட்கலாம். பொருந்தாத நட்டு இறுகியதுபோலக் காட்டி, நூறு கிலோமீட்டரில் தளரும். ரிம்மின் துளையைச் சுற்றிப் புதிய பெயின்ட் தடிமனாக இருந்தாலும் அது அமுங்கித் தளரும். நட்டு ஸ்டட்டில் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்கு ஏற வேண்டும்: எம்12×1.5 ஸ்டட்டில் (விட்டம் 12, புரி இடைவெளி 1.5 மி.மீ.) 12 மி.மீ., எட்டு முழுச் சுற்று. கையால் சுற்றி எண்ணுங்கள். ஸ்பேசர் போட்டதால் ஐந்து சுற்றுதான் வருகிறது என்றால் அந்த ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள். இறுக்கும் அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். ஓடிய 50–100 கி.மீ.க்குள் ஒருமுறை மறுபடி டார்க் ரெஞ்ச்.

மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை

787-ஐ 718-ஆல் வகுத்தால் 1.096. மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 66-க்கு அருகே போகிறீர்கள். ஓடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைவாக எண்ணும். மைலேஜ் கணக்கை அதனால் பெருக்கியபிறகு டயரைத் திட்டுங்கள். 4.10 ஆக்ஸில் இப்போது 3.74 போல நடக்கிறது. பழைய இழுவை வேண்டுமானால் 4.10-ஐ 1.096-ஆல் பெருக்கி 4.49; அதற்கு அடுத்துக் கிடைக்கும் 4.56 பல்சக்கரம் போடலாம். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முதல் நாளே முறுக்கிக்கொள்ளும். நிறுத்த பிரேக்கை முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் டயரின் எடையும் விட்டமும்தான் காரணம்; மிதி ஆழமாக இறங்கினால் அது டயரால் அல்ல, பிரேக் கோளாறு. எதுவானாலும் பேடையும் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

இரைச்சல், ஒழுங்கில்லாத தேய்மானம்

ரோட்டின் பரப்பு மாறும்போது மாறும் 'ஊ' சத்தம் டயருடையது. நீண்ட வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது கூடி, மறுபக்கம் சாயும்போது குறையும் சத்தம் பேரிங். தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும். பட்டனின் முன் விளிம்பு உயர்ந்து பின் விளிம்பு தேய்ந்து ரம்பம்போல ஆனால் டயரை முன்பின் மாற்றத் தாமதித்துவிட்டீர்கள், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றவும். ஒரே டயரில் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர்.

ஸ்டெப்னி

ஐந்தாவது டயரைப் பழைய அளவிலேயே விடுவது வழக்கம். பின் ஆக்ஸிலில் லிமிடெட் ஸ்லிப் (இரண்டு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்றுவதைக் கிளட்ச் தகடுகளால் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள வண்டிக்கு அதை ஒரு பக்கம் மாட்டி ஓட்டினால், நேராகப் போகும்போதும் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி கிளட்ச் தகடுகள் கருகும். முன்னால் மாட்டி, முன்னால் இருந்த பெரியதைப் பின்னால் கொண்டுவாருங்கள். நான்கு சக்கர இழுவையைப் போடாமல் பக்கத்துப் பஞ்சர் கடைவரை போகலாம். ஐந்தும் பெரியதாக வாங்கினால், பெட்டிக்கு அடியில் ஏற்றும் முன் சைலன்சருக்கும் டயருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கை நுழையாவிட்டால் அதைப் பெட்டிக்குள் கட்டிவிடுவதுதான் சரி.